காற்று மெலிந்த மாதங்களுக்கு ஸ்ட்ராப் இல்லாத போர்டு: மொரீஷியஸில் வாங்குவதற்கு முன்

மொரீஷியஸில் வேலைக்கு வந்து வார இறுதியில் கைட் (பெரிய பட்டம் இழுக்க, போர்டில் நின்று கடலில் சறுக்குவது) ஓட்டுகிற நம்மவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று வேண்டிய மட்டும் அடிக்கும். 15 முதல் 25 நாட் (காற்று வேகத்தின் அலகு) வரை சாதாரணம். நவம்பர் பிறந்ததும் மெலிந்துவிடும். தைப்பூசக் காவடிக்கு இங்கே அரசு விடுமுறை. விடுமுறை கையில் இருக்கும், காற்று இருக்காது. 11, 12 நாட்டில் ட்வின் டிப் (இரு முனையும் ஒரே மாதிரியான வழக்கமான கைட் போர்டு) தண்ணீரில் அமுங்கிக்கொண்டே போகும். அதே காற்றில், காலை மாட்டும் ஸ்ட்ராப் பட்டை இல்லாத சரியான சர்ஃப் போர்டு ஓடும்.

சரியான போர்டு எது என்பதில்தான் சிக்கல். கடைக்காரர் ஒன்று சொல்வார், பயிற்சியாளர் வேறொன்று சொல்வார், விளம்பரப் படத்தில் இருப்பது மூன்றாவது. நான் கேட்டு அலைந்து, பல போர்டுகளை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு நிபந்தனை. ட்வின் டிப்பில் காற்றுக்கு எதிராக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். போர்டு இல்லாமல் உடம்பாலேயே இழுபட்டு, தவறவிட்ட போர்டை எடுத்து வரவும் தெரிய வேண்டும். தூத்துக்குடியிலோ ராமேஸ்வரத்திலோ பழகி வந்திருந்தாலும் சரி, இங்கே பழகியிருந்தாலும் சரி, இந்த இரண்டும் வராதவர் போர்டு வாங்கும் பணத்தில் இன்னும் சில வகுப்புகள் எடுப்பது மேல்.

1. உங்கள் காற்று எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

'குறைந்த காற்று' என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். நான் சொல்வது 11 முதல் 15 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 20 முதல் 28 கிலோமீட்டர். பத்துக்குக் கீழே போனால் எந்த சர்ஃப் போர்டும் பெரிதாக உதவாது. அது ஃபாயிலின், அதாவது அடியில் இறக்கை பொருத்தித் தண்ணீருக்கு மேலே தூக்கும் போர்டின் வேலை. அந்தக் காற்றிலும் ஓடும் என்று யாராவது போர்டு விற்க வந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது, எங்கே ஓட்டப் போகிறீர்கள்? ஒன் ஐ அலையின் படங்களைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற மெல்லிய, கூர்வால் போர்டை வாங்கி வருகிறவர்கள் நிறைய. ஒன் ஐ கூர்மையான பவளத்திட்டின் மேல் வேகமாக உடைகிற அலை. கைதேர்ந்தவர்களுக்கான இடம். நீங்கள் டிசம்பரில் ஓட்டப்போவது லெ மோர்ன் லகூனிலோ, பெல் ஓம்ப்ரிலோ, வடக்கே ஆன்ஸ் லா ரேயிலோ இருக்கிற தட்டையான தண்ணீரில். அதற்குத்தான் போர்டு வேண்டும்.

காற்று முன்னறிவிப்பை விண்ட்குரு, விண்டி போன்றவற்றில் பார்க்கலாம். லெ மோர்ன் மலையை ஒட்டித் தென்கிழக்குக் காற்று வளைந்து வரும்போது வேகம் கூடும். ஆகவே எபேனில் அலுவலக ஜன்னல் வழியாக மரம் ஆடுவதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

2. எடையும் லிட்டரும்

கடையில் முதலில் கேட்கப்படும் கேள்வி 'எத்தனை கிலோ' என்பதுதான். குறைந்த காற்றுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: உங்கள் எடையை 0.4-ஆல் பெருக்குங்கள், வருவது போர்டின் கன அளவு, லிட்டரில். 60 கிலோவுக்கு 24 லிட்டர், 75 கிலோவுக்கு 30, 90 கிலோவுக்கு 36. இரண்டு மூன்று லிட்டர் கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது. பலத்த காற்றில் இதைவிட நான்கைந்து லிட்டர் குறைவான போர்டே போதும்.

லிட்டரைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டாம். 30 லிட்டர் போர்டு 75 கிலோ ஆளை நின்றபடி மிதக்க வைக்காது. மீதி எடையை கைட்டின் இழுப்பும், ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் அடியிலிருந்து தரும் தூக்கலும்தான் தாங்குகின்றன. லிட்டர் கைகொடுப்பது புறப்படும் அந்தச் சில விநாடிகளிலும், நடுவில் காற்று விட்டுப்போகும் நேரங்களிலும், திரும்பும்போது கால் மாற்றும் தருணத்திலும். அதற்குமேல் ஓட்டத்தைத் தீர்மானிப்பது வடிவம்.

3. வடிவம்: பணம் கொடுப்பது இதற்குத்தான்

குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்திருப்பீர்கள். தட்டையான சில்லு தத்தித் தத்தி அக்கரை வரை போகும். வளைந்தது இரண்டு தத்தில் முங்கிவிடும். போர்டின் அடிப்பக்க வளைவுக்கும் இதே கதைதான். மூக்கிலிருந்து வால் வரை உள்ள இந்த வளைவை ராக்கர் என்பார்கள். ராக்கர் அதிகமான போர்டு செங்குத்தான அலையில் அழகாக இறங்கும், ஆனால் குறைந்த காற்றில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நிற்கும். தட்டையானது சீக்கிரம் எழும்பி ஓடும், காற்றுக்கு எதிராக நன்றாக ஏறும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஃபின்களை (அடியில் உள்ள சிறு துடுப்புகளை) கழற்றச் சொல்லி, போர்டைச் சமமான தரையில் வையுங்கள். மூக்கும் வாலும் தரையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கின்றன என்று பாருங்கள். பக்கத்தில் இன்னொரு போர்டையும் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வால் பக்கம் குறைவாக எழும்புவதை எடுங்கள். மூக்கு சற்று எழும்பியிருப்பதில் தவறில்லை. சுத்தமாகத் தட்டையான மூக்கு சின்ன அலையிலும் குத்திக்கொள்ளும், நீங்கள் முன்னால் பறப்பீர்கள்.

அடுத்து அகலம். நீளத்தைவிட இதுதான் முக்கியம் என்பேன். 75 கிலோ ஆளுக்கு நீளம் 5 அடி 4 அங்குலத்திலிருந்து 5 அடி 9 வரை போதும். அகலம் 19.5 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம், 20, 20.5 இருந்தால் நல்லது. நீளத்தைக் கூட்டி மட்டும் லிட்டரை நிரப்பிய 6 அடி போர்டு கைக்கு அடங்காது, காரிலும் அடங்காது, திருப்புவதும் சிரமம். ஸ்ட்ராப் இல்லாமல் கால் மாற்றப் பழகும் ஆளுக்கு அகலம் ஒரு வரம். காலை இரண்டு அங்குலம் தப்பி வைத்தாலும் போர்டு மன்னித்துவிடும்.

வால் அகலமாக இருக்கட்டும். சதுரமாக வெட்டியதோ மீன் வால் போலப் பிளந்ததோ, எதுவானாலும் சரி. பின்காலுக்கு அடியில் பரப்பு இருந்தால்தான் மெதுவான வேகத்திலும் போர்டு மேலே நிற்கும். கூர்வால் போர்டுகள் பெரிய அலைக்கு உரியவை. அவற்றை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஓரம், அதாவது ரெயில், கொஞ்சம் பருமனாக இருப்பது மிதப்பைத் தரும். ரொம்பப் பருமனாகிவிட்டால் தண்ணீரைக் கடித்துப் பிடிக்காமல் வழுக்கும், எதிர்க்காற்றில் ஏறுவது கெட்டுப்போகும். நடுவில் பருமனாக இருந்து, வால் பக்கம் போகப் போகக் கூர்மையாகிற ரெயிலைத் தேடுங்கள். அடிப்பக்கம் மெல்லிய குழிவு ஒன்று இருந்தால் நல்லது.

ஸ்ட்ராப் இல்லாமல் குதிக்கிற ஃப்ரீஸ்டைலுக்கு என்றே மூக்கு மழுங்கிய, 5 அடிக்குச் சற்று மேலான குட்டை போர்டுகள் வருகின்றன. பார்க்க அகலமாக, தட்டையாக இருப்பதால் இதுதான் நமக்கு என்று தோன்றும். லேசான உடம்புக்காரருக்குச் சரிவரும். 80 கிலோவுக்கு மேல் என்றால் புறப்படுவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

4. ஃபின்

மூன்று ஃபின் போதும். நான்கு பொருத்தும் வசதி இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். மெதுவான ஓட்டத்தில் சிறிய ஃபின் பிடி தராது. எடைக்கு உரிய அளவையோ அதற்கு ஒரு படி பெரியதையோ போடுங்கள். எஃப்சிஎஸ் என்ற ஃபின் பிராண்டின் அளவுகளில் மீடியம் என்பது ஏறக்குறைய 65 முதல் 80 கிலோ ஆட்களுக்கு.

எஃப்சிஎஸ் பெட்டியில் (போர்டில் ஃபின் செருகும் குழியில்) இன்னொரு பிராண்டான ஃப்யூச்சர்ஸ் ஃபின் நுழையாது, அதில் இது நுழையாது. போர்டு எந்த வகை என்று பார்த்துவிட்டு, அந்த வகை ஃபின் இந்தத் தீவில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பவளத்தில் தட்டி ஒரு ஃபின் உடைந்தால், அது ஐரோப்பாவிலிருந்து வந்து சேரும்வரை போர்டு சுவரில்தான் சாய்ந்திருக்கும். இரண்டு வகைத் திருகுக்கும் 3/32 அங்குல ஹெக்ஸ் சாவிதான். ஒன்றைக் கார் சாவிக்கொத்தில் மாட்டிவிடுங்கள்.

5. சாதாரண சர்ஃப் போர்டா, கைட் போர்டா?

கைகளால் துடுப்பு போட்டு அலை பிடிக்கிற சாதாரண சர்ஃப் போர்டு விலை குறைவு, எளிதாகக் கிடைக்கும். 'இதையே கைட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமே' என்று விற்பவர் சொல்வார். ஓட்டலாம்தான். ஆனால் அவற்றின் மேல்தோல் மெல்லியது. கைட் ஓட்டும்போது குதிகால் ஒரே இடத்தில் எடை போடுவதால் சில வாரங்களிலேயே டெக்கில் (மேல்பரப்பில்) பள்ளம் பள்ளமாக விழும். குதித்து இறங்கினால் இரண்டாக உடையவும் வாய்ப்பு உண்டு.

கைட்டுக்காகச் செய்யும் போர்டுகள் பெரும்பாலும் இபிஎஸ் நுரை (தெர்மோகோல் வகை) மேல் எபாக்சி பிசின் பூசி, குதிகால் படும் இடத்தில் மூங்கிலோ பிவிசி தகடோ வைத்துக் கெட்டிப்படுத்தியவை. எஃப்-ஒன், டுவோடோன், கபரின்யா, ஏர்ரஷ் என்று எல்லா முக்கிய பிராண்டுகளிலும் இந்த வகை உண்டு. பிராண்டை வைத்துச் சண்டை போட நான் வரவில்லை. மேலே சொன்ன அகலமும் ராக்கரும் எந்த மாடலில் இருக்கிறதோ அதை எடுங்கள்.

இபிஎஸ் போர்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அடிபட்ட இடத்தைப் பழுதுபார்க்கப் பாலியஸ்டர் ரெசின் போடக் கூடாது. அது நுரையைக் கரைத்துத் தின்றுவிடும். எபாக்சி மட்டுமே. சாதாரண போர்டுகளைப் பழுதுபார்த்துப் பழகியவரிடம் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, டெக்கில் சின்னக் காற்றுத் திருகு இருக்கும். சிலவற்றில் அது தானாகவே காற்றை விடும். சிலவற்றில் விமானத்தில் ஏற்றும்போதும் வெயிலில் வைக்கும்போதும் நாம் திறந்து, கடலில் இறங்கும் முன் மூட வேண்டும். எது என்று வாங்கும்போதே கேளுங்கள். எதுவானாலும் ஜனவரி வெயிலில் கார் கண்ணாடிக்குள் போர்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், தோல் நுரையை விட்டுப் பிரிந்துவிடும்.

6. கைட் சரியில்லாமல் போர்டைக் குறை சொல்ல வேண்டாம்

75 கிலோ ஆளுக்கு 12 நாட்டில் 12 சதுர மீட்டர் கைட் வேண்டும். ஒரே ஸ்ட்ரட் (காற்றடைத்த விலா போன்ற குழாய்) உள்ள லேசான கைட்டுகள் குறைந்த காற்றில் விழாமல் நிற்கும். கனமான பழைய ஐந்து ஸ்ட்ரட் கைட் 9 நாட்டில் தண்ணீரில் விழுந்தால் திரும்ப எழுப்புவது பெரும்பாடு. உங்களிடம் 9 மீட்டர் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதல் செலவு கைட்டுக்கு, போர்டு அப்புறம்.

7. வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

லெ மோர்ன் பக்கத்துக் கைட் மையங்களில் போர்டு மட்டும் தனியாக வாடகைக்குக் கேட்கலாம். கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டையின் நகல், ஐகேஓ (சர்வதேச கைட்போர்டிங் அமைப்பு) பயிற்சி அட்டை, முன்பணத்துக்கு ஒரு வங்கி அட்டை. ஐகேஓ அட்டையில் மூன்றாம் நிலை இருந்தால் கேள்வி அதிகம் வராது. அட்டை இல்லாதவரை முதலில் ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வரச் சொல்வது உண்டு. அது அவர்களுடைய உரிமை, கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. மையம் சுற்றுலா ஆணையத்தின் உரிமம் வைத்திருக்கிறதா என்று நீங்களும் கேளுங்கள்.

எடுக்கும் முன் போர்டில் ஏற்கெனவே உள்ள அடிகளைக் கைபேசியில் படம் பிடித்து, அவர்கள் முன்னாலேயே காட்டிவிடுங்கள். ஒரு மையத்தில் என்னிடம், யாரோ எப்போதோ உடைத்த மூக்குக்குப் பணம் கேட்டார்கள். படம் இருந்ததால் பேச்சு அத்தோடு முடிந்தது.

20 நாட் நாளில் ஓட்டிப் பார்த்துப் பயனில்லை, அன்றைக்கு எல்லா போர்டும் நன்றாகத்தான் ஓடும். 12 நாட் நாளுக்குக் காத்திருங்கள். அன்று மூன்றை மட்டும் பாருங்கள்: கைட்டை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்காமல், ஒரு முறை கீழிறக்கிப் புறப்பட்டதும் தொடர்ந்து ஓடுகிறதா, நாலைந்து திருப்பத்துக்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்கு மேலே (காற்று வரும் பக்கம்) இருக்கிறீர்களா, கீழே இருக்கிறீர்களா, கால் மாற்றும்போது போர்டு நின்றுவிடுகிறதா.

8. செலவு, காகிதங்கள், காலம்

புதிய கைட் சர்ஃப் போர்டு ஐரோப்பிய விலையில் பெரும்பாலும் 600 முதல் 1,100 யூரோ. ஒரு யூரோ சுமார் 50 மொரீஷியஸ் ரூபாய் என்று வைத்தால் 30,000 முதல் 55,000 ரூபாய். ஃபின், பேட் (காலுக்கு அடியில் ஒட்டும் வழுக்காத திண்டு), பை எல்லாம் விலைக்குள் அடங்குகிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். பல கடைகளில் ஃபின் தனி.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. 180, 60, 15 என்ற பெட்டிக்கு 32 கிலோவுக்கு மேல் வருகிறது. உள்ளே இருக்கும் போர்டு நாலு கிலோகூட இருக்காது. அதற்கு மேல் 15 சதவீத வாட் வரி. அது போர்டு விலைக்கு மட்டும் அல்ல, அனுப்பும் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு. வேறு தீர்வை உண்டா என்பதை ஆர்டர் போடும் முன்பே சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'மலிவு' என்று தெரிந்த போர்டு உள்ளூர் விலையைத் தாண்டிவிடுவது இப்படித்தான்.

விமானத்தில் கூடவே கொண்டுவருவது பெரும்பாலும் லாபம். டிக்கெட் போடும் முன்பே விளையாட்டுச் சாமான் விதியைப் படியுங்கள், நீள வரம்பு விமானத்துக்கு விமானம் மாறும். ரோட்ரிக்ஸ் தீவுக்குப் போகிற சிறிய ஏடிஆர் விமானத்தில் இடம் இன்னும் நெருக்கடி, முன்கூட்டியே உறுதி வாங்காமல் போர்டோடு போய் நிற்க வேண்டாம். வாங்கிய ரசீதை நகலெடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வாங்கிய போர்டை வெளியே கொண்டுபோய்த் திரும்பும்போதும் அதே ரசீதுதான் 'இது ஏற்கெனவே என்னுடையது' என்று சொல்லும்.

எப்போது வாங்குவது? பலத்த காற்றுக் காலம் முடிகிற அக்டோபர், நவம்பரில். வாடகை மையங்கள் பழைய சரக்கைத் தள்ளிவிடுவதும், ஊர் திரும்பும் ஐரோப்பியர்கள் போர்டை விட்டுப் போவதும் அப்போதுதான். நமக்குத் தேவைப்படும் மாதங்கள் தொடங்குவதும் அதே சமயம். புதிதாக ஆர்டர் போடுவதென்றால் ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள்.

9. பழைய போர்டைப் பார்ப்பது

இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, விற்பனை விளம்பரத்தில் இருக்காது. பிரெஞ்சிலும் கிரியோலிலும்தான் வரும். அதனால் ஓர் உள்ளூர் நண்பரை அழைத்துப்போவது நல்லது. பெயர் வேலாயுதனாகவோ மூட்டுசாமியாகவோ இருந்தாலும் அவர் வீட்டில் பேசுவது அனேகமாகக் கிரியோல்தான். பேரம் அவர் பேசட்டும், போர்டை நீங்கள் பாருங்கள்.

டெக் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் ஒலி மந்தமாக மாறினால் தோல் பிரிந்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் இடமும் அப்படித்தான். பழுப்பு நிறக் கறை தண்ணீர் உள்ளே போனதன் அடையாளம். ஒரு தராசில் நிறுத்து, அந்த மாடலின் எடையோடு ஒப்பிடுங்கள்; அரை கிலோ கூடுதலாக இருந்தால் அதில் பெரும்பகுதி தண்ணீர். பேட் ஒட்டியிருந்தால் அதன் ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பார்க்கக் கேளுங்கள், விரிசலை மறைக்கவே ஒட்டியதாகவும் இருக்கலாம். ஃபின் பெட்டிகளை ஆட்டிப் பாருங்கள், அசையக் கூடாது. பேட்டைத் தொட விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னார், அந்த போர்டை நான் தொடவில்லை.

பணம் கொடுக்கும்போது விற்பவரின் பெயர், தேதி, மாடல், தொகை எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வாங்குங்கள். வாடகை மையத்தில் வாங்கினால் பில் தருவார்கள்.

10. மெழுகு, லீஷ், முதல் நாள்

கோடையில் இங்கே கடல் 27, 28 டிகிரி வரை சூடாகும். கால் வழுக்காமல் இருக்க மெழுகு பூசுவதென்றால் 'டிராப்பிக்கல்' வகை மட்டும். அதுவும் கரையில் பத்து நிமிடம் டெக் வானத்தைப் பார்த்துக் கிடந்தால் வழிந்துவிடும். முன்காலுக்கும் பின்காலுக்கும் பேட் ஒட்டிவிடுவதே இந்த ஊருக்குச் சரி என்பது என் எண்ணம். மெழுகில்தான் கால் நகர்த்த வசதி என்பவர்களும் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

போர்டையும் காலையும் கயிற்றால் கட்டாதீர்கள். சர்ஃபில் பழகியவர்களுக்கு இது கஷ்டமாகத் தோன்றும். கைட் உங்களை இழுக்கும்போது கட்டிய போர்டு தண்ணீரில் சிக்கி, கயிறு இழுபட்டு, வில் விட்ட மாதிரி தலைக்கு வரும். கைட்டையும் உங்களையும் இணைக்கும் பாதுகாப்பு லீஷ் (கயிறு) வேறு, அது கட்டாயம் இருக்க வேண்டும். காலில் ரீஃப் பூட்டீஸ் (ரப்பர் காலணி) போடுங்கள், பவளமும் கடல் முள்ளெலியும் காத்திருக்கின்றன.

லகூனில் குறைந்த காற்றின் நிஜமான ஆபத்து நீரோட்டம். பவளத்திட்டைத் தாண்டி உள்ளே விழும் அலைநீர் வெளியேற வாய்க்கால் போன்ற திறப்பைத்தான் தேடும். லெ மோர்னில் அந்தத் திறப்பு திறந்த கடலுக்குக் கொண்டுபோகும். 18 நாட்டில் எளிதாக எதிரே ஏறி வந்துவிடுவீர்கள். 11 நாட்டில் நீரோட்டம் வென்றுவிடும். காற்று குறைகிற மாதிரி தெரிந்தால், முழுதாக நிற்பதற்காகக் காத்திராமல் அப்போதே கரைக்கு வாருங்கள். தனியாக இறங்க வேண்டாம். வாகோவாவிலுள்ள வானிலை நிலையம் புயல் எச்சரிக்கை, முதல் வகுப்பாகவே இருந்தாலும், விடுத்துவிட்டால் அன்று கடல் கிடையாது. புயலுக்கு முந்தின இதமான காற்று எத்தனையோ பேரை ஏமாற்றி உள்ளே இழுத்திருக்கிறது.

முதல் சில முறை திரும்பும்போது கால் மாற்றப் பார்க்காதீர்கள். கைட்டைத் திருப்பி, கால் மாறாமலே, முதுகு கைட்டுக்குக் காட்டியபடி கொஞ்ச தூரம் ஓடிப் பழகுங்கள். அது நிலைத்த பிறகு கால் மாற்றம் தானாக வரும். ட்வின் டிப்பை விற்றுவிடவும் வேண்டாம். ஜூனில் காற்று 22 நாட்டைத் தாண்டும்போது இந்த அகல போர்டு துள்ளித் துள்ளிக் கால்களை உலுக்கும், அன்றைக்கு அதைக் கரையில் வைத்துவிட்டுப் பழைய ட்வின் டிப்பை எடுப்பீர்கள்.